கோடை வற்றலும் வேளாண்மையே!

அக்னித் தலம் என்று பெயர் பெற்ற திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசி மாதத்து வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி தொடங்கிவிட்டால் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிடுகிறது. சம்பா நெல் வீடு வந்து சேர்ந்து மாதங்கள் ஆகின்றன. இறவை நிலக்கடலையும் பறித்தாகிவிட்டது. 'இனி ஆடிப் பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விவசாயிகள் சற்றே மூச்சு விடும் காலம் இது.

வயல் ஓய்வெடுக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் கொல்லைப்புறமும் மொட்டை மாடியும் திண்ணையும் சேர்ந்து ஓய்வெடுக்க வேண்டுமா? கோடையில் நம் வீடுகளில் இரண்டு பொருள்கள் பெருமளவில் வீணாகின்றன. ஒன்று, சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் தண்ணீர். மற்றொன்று, காசு கொடுக்காமல் கிடைக்கும் வெயில். முதலாவதைக் கொண்டு காய்கறி வளர்க்கலாம். இரண்டாவதைக் கொண்டு அதைப் பதப்படுத்தி ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். வற்றலைக் காகத்திடமிருந்து காத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கூடை பின்னலாம். தோட்டம், வற்றல், கூடை ஆகிய மூன்றையும் 'விடுமுறைப் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. அவை வேளாண்மையின் ஒரு பகுதியே என்பது என் கருத்து. அந்த மதிப்பைக் கொடுத்தால்தான் அவை பிழைக்கும்.

கணக்கில் வராத உற்பத்தி

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. நாடுகளின் உற்பத்தியைக் கணக்கிடுவதற்கு ஐக்கிய நாடுகள் சபை வகுத்துள்ள தேசியக் கணக்கு முறையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டில் சமைப்பதும் பெருக்குவதும் அதில் உற்பத்தியாகச் சேர்வதில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்காகக் காய்கறி பயிரிடுவதும், விளைபொருளைச் சேமித்து வைப்பதும், பழங்களை உலர்த்திப் பதப்படுத்துவதும், கூடையும் பாயும் முடைவதும் உற்பத்தி என்றே அதில் ஏற்கப்பட்டுள்ளன. பொருளாதார அறிஞர்கள் ஒப்புக்கொண்ட ஒன்றை, வேளாண்மைத் துறையைச் சேர்ந்தவர்களும் குடும்பத் தலைவர்களும் இன்னும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை.

நம் விரிவாக்கப் பணியிலேயே நெடுங்காலமாக ஒரு பிரிவினை இருந்து வந்திருக்கிறது. நெல், கரும்பு, உரம், பூச்சிமருந்து என்றால் ஆண்களுக்கான கூட்டம். ஊறுகாய், ஜாம் என்றால் மகளிருக்கான செயல்விளக்கம். 1986ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் டானிடா உதவியுடன் தமிழ்நாடு வேளாண் மகளிர் திட்டம் (தான்வா) தொடங்கப்பட்டபோது, பண்ணை மகளிரும் விவசாயிகளே என்பது ஏட்டளவில் ஏற்கப்பட்டது. அது நல்ல மாற்றம். ஆயினும் வயலில் இறங்கும்போது விவசாயியாகத் தெரிகிற தாய், மாடியில் கொத்தவரை வற்றல் பரப்பும்போது மட்டும் 'வீட்டு வேலை பார்ப்பவராக' மாறிவிடுகிறார். காய் ஒன்று, கை ஒன்று, இடம் மட்டுமே வேறு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இங்கிலாந்தை இங்கே நினைவுகூரலாம். உணவுப் பற்றாக்குறை நேர்ந்தபோது அந்நாட்டு அரசு வீட்டுத் தோட்டங்களில் காய்கறி பயிரிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. விளைந்த பழங்கள் அழுகிப் போகாதிருக்க, மகளிர் கழகங்களுக்குப் பங்கீட்டுச் சர்க்கரையைத் தனியே ஒதுக்கிக் கொடுத்தது. 1940 முதல் 1945 வரை அக்கழகங்கள் சுமார் 5,300 டன் பழங்களைப் பதப்படுத்தின. படை வீரர்களுக்குக் கம்பளியாடை பின்னிக் கொடுத்தவர்களும் அதே பெண்மணிகள்தாம். விளைவிப்பது, பதப்படுத்துவது, பின்னுவது ஆகிய மூன்றும் நாட்டுப் பணியாகவே கருதப்பட்டன. நமக்குப் போர் இல்லை. ஆனால் விலைவாசி இருக்கிறது.

விலை ஏறும் மாதங்கள்

2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை தமிழக அரசுக்கு ஏற்பட்டது. இதற்கு நேர்மாறாக, வரத்து மிகுந்து பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுகிற காட்சியையும் நம் உழவர்கள் கண்டிருக்கிறார்கள். தை முதல் பங்குனி வரை மலிந்து கிடக்கும் கத்தரியும் கொத்தவரையும் அவரையும் வைகாசி, ஆனியில் ஏழைக்கு எட்டாத விலைக்குப் போய்விடுகின்றன.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒருவர் நாளொன்றுக்குக் கீரை உள்படச் சுமார் 400 கிராம் காய்கறிகள் உண்ண வேண்டும் எனப் பரிந்துரை செய்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. விலை ஏறும் மாதங்களில் எத்தனை வீடுகளில் இதில் பாதியாவது வாங்க முடிகிறது? காய்க்குப் பதில் சோறு கூடுகிறது. அதனால் வயிறு நிரம்புகிறது, சத்து நிரம்புவதில்லை. கோடைத் தோட்டமும் வற்றலும் இந்த இடைவெளியை முழுவதும் அடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கீரைக்காகக் கடைக்குப் போக வேண்டாம் என்ற நிலையையும், காய் இல்லாத நாளில் குழம்புக்கு வற்றல் உண்டு என்ற நிலையையும் அவை நிச்சயம் ஏற்படுத்தும்.

தண்ணீர்க் கணக்கு

'குடிக்கவே தண்ணீர் இல்லை, செடிக்கு எங்கே போவது?' என்பது இயல்பான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோடையில், ஓரளவு நிழலுள்ள காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் தேவை. அரைச் சென்ட், அதாவது சுமார் 20 சதுர மீட்டர் தோட்டத்துக்கு 100 லிட்டர் ஆகிறது. 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் கிராமப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவை வகுத்துள்ளது. நான்கு பேருக்கு 220 லிட்டர். அதில் குடித்ததும் சமைத்ததும் போக, குளிக்கவும் துவைக்கவும் கழுவவும் செலவாகும் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது. ஆக, குடிநீரில் ஒரு குடத்தையும் எடுக்காமலேயே அரைச் சென்ட் தோட்டத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைத் தயக்கமின்றிக் கீரைப் பாத்திக்கே ஊற்றலாம். குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் கல்லும் சல்லியும் மணலும் அடுக்கிய ஒரு சிறு குழியின் வழியே விட்டு, அதன் மேல் கல்வாழை நட்டு, பிறகு வாழை, முருங்கை, தென்னை போன்றவற்றின் வேருக்குப் பாய்ச்ச வேண்டும். பச்சையாக உண்ணும் காயின் மீதோ கீரை இலையின் மீதோ அது படலாகாது. சலவைத்தூள் மிகுந்த துவைத்த நீரைத் தவிர்ப்பது நலம். இப்போது பல வீடுகளில் உள்ள குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்பு கூடுதலாக இருக்கும். அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றிவந்தால் மண் உவர்ப்பாகிவிடும்.

தண்ணீரைக் குறைக்கும் வழி நம் மாவட்டத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. நிலக்கடலைக்குப் பெயர் பெற்ற மாவட்டம் இது. உடைத்த கடலையின் தொலியைப் பாத்தியில் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பினால் மண்ணின் ஈரம் ஆவியாவது வெகுவாகக் குறையும், களையும் அடங்கும், பின்னர் மக்கி எருவாகும். கொடிக் காய்களுக்குப் பானைப் பாசனம் மிகச் சிறந்தது. அடியில் சிறு துளையிட்ட பழைய மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, துளையில் பழந்துணித் திரியைச் செருகி, நீர் நிரப்பி மூடிவிட்டால் வேருக்குச் சொட்டுச் சொட்டாக ஈரம் போய்க்கொண்டிருக்கும்.

எதைப் பயிரிடுவது?

கோடைத் தோட்டத்துக்கு மாசி, பங்குனியில் விதைப்பதே முறை. சித்திரை பிறந்த பின் தொடங்குவோர் நாற்றுவிட்டு நடும் கத்தரி, தக்காளியைத் தவிர்த்து, நேரடியாக விதைக்கும் கொத்தவரை, வெண்டை, கீரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொத்தவரை வெயிலைத் தாங்கும் பயிர், வற்றலுக்கும் உகந்தது. கீரையில் பல முறை கிள்ளக்கூடிய கோ 3 கிளைக்கீரை வீட்டுக்கு ஏற்றது; விதைத்த மூன்று வாரத்தில் கிள்ளத் தொடங்கலாம். வேலியோரம் ஒரு சுண்டைச் செடி, நான்கைந்து மணத்தக்காளிச் செடிகள், பந்தலில் ஒரு பாகல் கொடி, மூலையில் ஒரு கறிவேப்பிலை, பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 செடிமுருங்கை ஒன்று. இவை இருந்தால் போதும். சுண்டையும் மணத்தக்காளியும் ஒரு முறை நிலைத்துவிட்டால் கேளாமலே காய்த்துக்கொண்டிருக்கும்.

பிற்பகல் வெயிலைத் தடுக்க மேற்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுப் படல் அல்லது 50 சதவிகித நிழல் வலை கட்டவும். நீர் பாய்ச்சுவது விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பின்னரே. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும் நச்சுயிரி நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. நோய் கண்ட செடியைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயுடன் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும். மண் இல்லாத நகர வீடுகளில் மாடித் தொட்டிகளிலும் பைகளிலும் இவற்றையே வளர்க்கலாம். தொட்டியைத் தளத்தின் மீது நேரே வைக்காமல் செங்கல்லின் மேல் வைத்தால் வேர் வேகாது.

வெயிலைப் பயன்படுத்தும் முறை

இனி வற்றலுக்கு வருவோம். காய்கறிகளில் பெரும்பகுதி தண்ணீரே. அந்தத் தண்ணீர் இருக்கும்வரை பூஞ்சாணமும் பாக்டீரியாவும் வளரும். ஈரம் 8 சதவிகிதத்துக்குக் கீழே போய்விட்டால் அவற்றுக்குப் பிழைப்பில்லை. உலர்த்துவதன் தத்துவம் இவ்வளவே. பத்துக் கிலோ கொத்தவரை காய்ந்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ நிற்கும். வெண்டையானால் ஒரு கிலோதான். காய் மலிவாக இருக்கும்போது வாங்கிப் போடுவதில்தான் இலாபம் இருக்கிறது. உழவர் சந்தையில் மாலையில் மிஞ்சும் காயைக் கேட்டு வாங்கினாலும் தவறில்லை. அழுகல் மட்டும் கூடாது.

நம் தாய்மார்கள் கொத்தவரையை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு எடுத்துத்தான் காயவைப்பார்கள். இதை வெறும் பழக்கம் என்று எண்ண வேண்டாம். கொதிநீரில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கும்போது, காயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கிற நொதிகள் செயலிழக்கின்றன, மேலே ஒட்டியிருக்கும் கிருமிகளும் குறைகின்றன, காய்வதும் விரைவாகிறது. அறிவியல் விளக்கம் வருமுன்பே கைப்பழக்கம் வந்துவிட்டது. வெயிலில் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் நிற்கும். முருங்கைக் கீரை, கறிவேப்பிலை போன்றவற்றை மட்டும் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட உலர்த்தினால், வைட்டமின் ஏ தரும் கரோட்டின் கூடுதலாகத் தங்கும்.

காயவைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறுந்தரையிலும் தார்ச்சாலையிலும் காயவைப்பதை அறவே விட வேண்டும். மண்ணில் உள்ள ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சாணம், அரைகுறையாகக் காய்ந்த மிளகாயிலும் நிலக்கடலையிலும் வளர்ந்து அஃபிளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும், சமையல் சூட்டில் எளிதில் அழியாது. பூசணம் பிடித்ததைத் துடைத்துவிட்டு உபயோகிக்கும் பழக்கம் வேண்டாம். அச்சிட்ட செய்தித்தாளின் மீதும் உணவுப் பொருளைப் பரப்பலாகாது. கயிற்றுக் கட்டிலின் மேல் வெளுத்த வேட்டியை விரித்துக் காயவைப்பதே சிறந்தது. மேலும் கீழும் காற்று போகும். மேலே கொசுவலைத் துணியைப் போர்த்தினால் ஈயும் தூசியும் அண்டா. மாலையில் பனி படுமுன் எடுத்துவிட வேண்டும். வைகாசியில் திடீரென இடியுடன் வரும் மழை ஒரு மணி நேரத்தில் மூன்று நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். எனவே மேற்கே மேகம் கண்டால் வற்றல்தான் முதலில் வீட்டுக்குள் போக வேண்டும்.

ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. ஆறிய பின் உலர்ந்த கண்ணாடி அல்லது பீங்கான் சாடியில் போட்டு, ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். சாடியின் உட்புறம் முத்து முத்தாக ஈரம் கண்டால் மறுபடி காயவைக்கவும்.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் செய்யப்படும் தாளிப்பு வடகத்தை மறந்துவிடலாகாது. சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைக்கும் இந்த உருண்டை ஒன்று இருந்தால் காரக்குழம்புக்கு வேறு தாளிப்பு வேண்டாம். வெங்காயம் மலிந்த மாதத்தில் செய்து வைத்துக்கொண்டு விலை ஏறிய மாதத்தில் உபயோகிக்கும் அருமையான ஏற்பாடு. மோர் மிளகாயும் அப்படியே. பகலில் வெயிலிலும் இரவில் உப்பிட்ட புளித்த மோரிலும் மாறி மாறிப் போட்டு, மோர் வற்றும்வரை செய்கிறோம். மோரின் புளிப்பும் உப்பும் கெடுதி வராமல் காக்கின்றன.

கூழ் வடகத்துக்குப் பச்சரிசிதான் வேண்டும் என்பதில்லை. ஜவ்வாது மலையின் சாமையிலும் தினையிலும் வடகம் பிழியலாம். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்கி வருகிறது. சிறுதானியத்தை விளைவிக்கும் மாவட்டம், அதைப் பதப்படுத்தி விற்கும் மாவட்டமாகவும் ஆக வேண்டும்.

ஊறுகாயில் ஓர் எச்சரிக்கை. மாங்காய், எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றின் இயல்பான புளிப்பும், போதிய உப்பும் சேர்ந்து அவற்றைக் காக்கின்றன. எண்ணெய் எப்போதும் காய்க்கு மேலே நிற்க வேண்டும். ஈரக் கரண்டி கூடவே கூடாது. பூண்டு போன்ற புளிப்பில்லாத பொருளைப் புளி, எலுமிச்சைச் சாறு, வினிகர் ஏதும் சேர்க்காமல் எண்ணெயில் மட்டும் மூழ்கவைத்துப் பல நாள் வைத்திருப்பது ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமிக்கு அது வசதியாகிவிடும்.

காவலும் கைவேலையும்

வற்றல் காயும்வரை யாராவது ஒருவர் காகத்தையும் அணிலையும் விரட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காவல் நேரத்தில் பிறந்ததுதான் நம் வீட்டுக் கைவேலைகள் பலவும். கம்பளி நூல் பின்னல் ஜவ்வாது மலையின் மார்கழிக் குளிருக்கு உதவலாம். சமவெளி வெயிலுக்கு ஏற்றதன்று. நமக்கு உரியது ஒயர் கூடை, பனையோலைக் கூடை, கோரைப் பாய். வந்தவாசிப் பக்கத்துக் கோரைப் பாய் பெயர் பெற்றது. ஒயர் கூடை ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழகத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. சட்டம் சொன்னதை வீட்டுப் பெண் பின்னிய கூடை சத்தமில்லாமல் செய்து முடிக்கும். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அவன் ஆனாலும் அவள் ஆனாலும், ஒரு கூடை பின்னக் கற்றுக்கொடுங்கள். பாட்டிக்குத் தெரிந்த முடிச்சு பேரப்பிள்ளைக்குத் தெரியாமல் போனால், அதைப் பிறகு எந்தப் பயிற்சி முகாமிலும் முழுமையாக மீட்க முடியாது.

சில மறுப்புகள்

'கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?' என்பது முதல் மறுப்பு. கிடைக்கிறது, உண்மை. ஆனால் வெயில் இலவசம், காய் மலிவு, தண்ணீர் கழிவுநீர் என்னும்போது, வெளியே கொடுக்கும் பணம் எந்தப் பொருளுக்கு என்று யோசிக்க வேண்டும். தவிர, நம் வற்றலில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

'உப்பு மிகுதியாயிற்றே' என்பது இரண்டாவது. இது நியாயமான கவலை. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோர் மிளகாயையும் ஊறுகாயையும் தள்ளி வைக்கவும். அவர்களுக்காக உப்பில்லாமல் கொதிக்கவைத்து உலர்த்திய கொத்தவரையையும் கத்தரியையும் தனிச் சாடியில் வையுங்கள். நன்கு காய்ந்தால் உப்பில்லாமலும் கெடாது. அதை எண்ணெயில் பொரிக்காமல் வெந்நீரில் ஊறவைத்துக் குழம்பிலோ கூட்டிலோ சேர்க்கலாம்.

மூன்றாவது மறுப்பே முக்கியமானது. 'இதெல்லாம் கடைசியில் பெண்கள் தலையில்தானே விழும்?' விழத்தான் செய்கிறது. அதை மாற்றவே இந்தக் கட்டுரை. வேளாண்மை என்று ஒப்புக்கொண்டால் அதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. பாத்தி கொத்துவது, கடலைத் தொலி சுமந்து வருவது, நீர்க்குழி வெட்டுவது, கட்டிலை மாடி ஏற்றுவது ஆகியவை ஆண்கள் செய்ய வேண்டியவை. கோடையில் வயலில் வேலை குறைவு. தேநீர்க் கடையில் கழியும் ஒரு மணி நேரம் இதற்குப் போதும்.

அரசும் நாமும் செய்ய வேண்டியவை

தோட்டக்கலைத் துறை காய்கறி விதைகளையும் மாடித் தோட்டத் தளைகளையும் மானிய விலையில் வழங்கி வந்துள்ளது. பாராட்டத்தக்கது. ஆனால் விதைப் பொட்டலத்தோடு, விளைந்தது மிஞ்சினால் எப்படிப் பதப்படுத்துவது என்ற ஒரு தாள் கூடப் போக வேண்டும். விதையைக் கொடுத்துவிட்டு அறுவடையோடு நின்றுவிடுவது பாதிப் பணியே.

வேளாண் பொறியியல் துறை சூரியக் கூடார உலர்த்திகளை மானியத்தில் அமைத்துத் தந்துள்ளது. இதனுள் வெளி வெப்பத்தைவிடக் கூடுதல் சூடு கிடைப்பதோடு, தூசியும் மழையும் அண்டுவதில்லை. தனி விவசாயிக்கு மட்டுமின்றி, ஊருக்கு ஒன்று வீதம் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் அமைத்தால் தக்காளி மலியும் மாதத்தில் அது ஊருக்கே பயன்படும். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் மதிப்புக் கூட்டும் பயிற்சி பெற்றுக்கொள்ளலாம். விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, பொருளின் பெயர், எடை, தயாரித்த நாள், உபயோகிக்கும் காலவரம்பு ஆகியவற்றை உறையில் அச்சிட வேண்டும்.

சந்தைக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் வந்து போகிறது. அவர்கள் ஊர் திரும்பும்போது இம்மாவட்டத்தின் தாளிப்பு வடகத்தையும் சாமை வடகத்தையும் சுண்டை வற்றலையும், இங்கே பின்னிய கூடையில் வாங்கிப் போகும்படி செய்யலாம். சுயஉதவிக் குழுப் பொருள்களை விற்கும் மதி அங்காடி போன்ற ஏற்பாட்டைப் பௌர்ணமி நாள்களில் பாதை நெடுகிலும் விரிவாக்குவதைப் பற்றி மாவட்ட நிர்வாகம் யோசிக்க வேண்டும்.

அதற்கெல்லாம் காத்திராமல் நம் வீட்டளவில் இந்த வாரமே தொடங்க முடியும். குளியலறை நீர் போகும் வழியைப் பாருங்கள். அங்கே அரைச் சென்ட் இடத்தைக் கொத்திக் கடலைத் தொலி பரப்பிக் கொத்தவரை ஊன்றுங்கள். அது காய்க்கும்வரை சந்தையில் இரண்டு கிலோ வாங்கி, ஒரு கொதி விட்டு, கட்டிலில் பரப்புங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். குடும்ப வரவு செலவு நோட்டில், நெல்லுக்கும் கடலைக்கும் கீழே, 'வற்றல் இத்தனை கிலோ' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி வந்துவிட்டால், அதைச் செய்த கைக்கு உரிய மதிப்பும் வீட்டில் தானே வந்துவிடும்.